புறநகரில் உடற்பயிற்சிக்கு எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடக்க வேண்டும், ஓட வேண்டும், எடை தூக்கிப் பழக வேண்டும் என்று மருத்துவர்களும் நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களும் இடைவிடாமல் சொல்லிவருகின்றன. அந்த அறிவுரையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அதைக் கேட்டு மனம் வைத்துப் புறப்படுகிற ஒருவர், அதிலும் நகரின் மையத்திலிருந்து விலகிய புறநகர்க் குடியிருப்பில் வாழ்கிறவர், எங்கே போய் அதைச் செய்வது என்பதை யாரும் பொறுப்போடு எடுத்துப் பேசுவதில்லை. இடம் தேடும் சுமை முழுவதும் தனிமனிதரின் தலையில் விழுந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளும் உடற்பயிற்சிக் கூடங்களை நடத்துவோரும் அந்தச் சுமையில் தங்கள் பங்கை ஏற்க வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயதுவந்த ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உடலுழைப்பிலோ ஈடுபட வேண்டும். இதற்கு மேல், வாரத்தில் இரண்டு நாள்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீடு, 2022-ஆம் ஆண்டில் உலகின் வயதுவந்தோரில் 31 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 180 கோடிப் பேர், இந்தக் குறைந்தபட்ச அளவைக்கூட எட்டவில்லை என்கிறது. ஆண்களில் 29 சதவீதம், பெண்களில் 34 சதவீதம். இத்தனை கோடிப் பேரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக என்னால் முடியவில்லை. இவ்வளவு பேரால் முடியவில்லை என்றால், அவர்களுடைய நாள் அமைந்திருக்கும் விதத்திலும் அவர்கள் வாழும் இடத்திலும் காரணத்தைத் தேடுவதுதான் முறை.

ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1953-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாள் முழுதும் உட்கார்ந்தே வேலை செய்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது என்று அவர் கண்டறிந்தார். அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை, கட்டணமும் கட்டவில்லை. செய்யும் தொழிலே அவர்களுடைய உடலைப் பார்த்துக்கொண்டது. இன்றைக்குப் பெரும்பாலான வேலைகள் நாற்காலியில் நடக்கின்றன. வேலைக்குப் போய்வரும் பயணமும் உட்கார்ந்தபடியே கழிகிறது. புறநகரில் அந்தப் பயணம் மேலும் நீளம். வீடுகள் முதலில் வந்து, சாலைகள் அடுத்து வந்து, நடைபாதையும் பூங்காவும் விளையாட்டுத் திடலும் கடைசிவரை வராமலே போன குடியிருப்புகள் ஏராளம். அங்கே வாழ்கிறவருக்கு உடலுழைப்பு தானாக வாய்க்காது. தேடிப் போனால்தான் உண்டு.

சரி, தேடத் தொடங்கினால் என்ன நடக்கிறது? கைப்பேசி வரைபடத்தில் ‘ஜிம்’ என்று தட்டினால் புள்ளிகள் தெரிகின்றன. அவற்றில் ஒன்று, கடை மூடப்பட்டு நெடுநாளான பின்னும் வரைபடத்தில் மட்டும் திறந்திருக்கிறது. இன்னொன்றில் ‘24 மணி நேரம்’ என்று போட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருக்கிறது. படங்கள் திறப்பு விழா அன்று எடுத்தவை. கட்டணம் எவ்வளவு என்று தொலைபேசியில் கேட்டால், ‘நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்’ என்பதே பெரும்பாலும் பதில். என் பகுதியில் தேடிய அனுபவத்திலிருந்தே இதைச் சொல்கிறேன். தொலைபேசியில் சொல்ல முடியாத கட்டணம் ஆளுக்கு ஆள் மாறுகிற கட்டணமாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து. பூங்காவில் உள்ள கருவிகள், பள்ளித் திடல், சமுதாயக் கூடத்தில் மாலையில் நடக்கும் யோகா வகுப்பு போன்றவை இந்த வரைபடத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. விளம்பரம் செய்ய ஆள் இருப்பது மட்டுமே கண்ணில் படுகிறது.

கூடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் பளபளப்பைப் பார்க்கிறார்கள், தூரத்தைப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், வீட்டிலிருந்தோ வேலைக்குப் போகும் வழியிலிருந்தோ பத்து நிமிடத்தில் போய்ச் சேர முடிகிற எளிய கூடம், ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய கூடத்தைவிட எத்தனையோ மேல். போகவர ஒரு மணி நேரம் ஆகும் இடத்துக்கு முதல் மாதம் உற்சாகத்தில் போய்விடலாம். மழை பெய்கிற நாளிலும், வேலை முடியத் தாமதமாகிற நாளிலும், பிள்ளைக்குத் தேர்வு இருக்கிற வாரத்திலும் போக முடியுமா என்பதை எண்ணிப் பார்த்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

நேரில் பார்ப்பதும், தாம் வழக்கமாகப் பயிற்சி செய்யப்போகிற அதே நேரத்தில் பார்ப்பதாக இருக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் எல்லாக் கூடமும் காலியாக, காற்றோட்டமாக, அழகாகத்தான் இருக்கும். மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். எடைக்கம்பியைத் தாங்கி நிற்கும் ஒரே ஒரு ஸ்குவாட் ராக்கைச் சுற்றி நாலைந்து பேர் முறை வைத்து நிற்பார்கள். டிரெட்மில்கள் வரிசையில் ஒன்றின்மேல் ‘பழுது’ என்று எழுதிய தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தாளின் ஓரங்கள் பழுப்பேறிச் சுருண்டிருந்தால், அது எத்தனை மாதமாக அங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. எடையை மேலிருந்து இழுக்கும் கருவியின் கம்பிவடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கைப்பிடியோடு இணையும் இடத்தில் மேலுறை கிழிந்து உள்ளிருக்கும் இழைகள் பிரிந்து நின்றால், அந்தக் கூடத்தின் பராமரிப்பைப் பற்றி அதற்கு மேல் எதையும் ஆராய வேண்டியதில்லை. அறுந்தால் அது தலைக்கு மேல்தான் அறுபடும். இருக்கைகளைத் துடைக்கத் துணியும் கிருமிநாசினியும் கையெட்டும் தூரத்தில் உள்ளனவா, டம்பெல்கள் இடத்தில் அடுக்கப்பட்டுள்ளனவா, அவசர வழியில் பழைய இயந்திரங்களைப் போட்டு அடைத்திருக்கிறார்களா என்பவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி இதயம் செயலிழந்தால் மின்னதிர்வு கொடுத்துத் துடிப்பைச் சீராக்க உதவும் ஏஇடி என்னும் கருவி ஒவ்வொரு கூடத்திலும் இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அந்த மின்னதிர்வும் நெஞ்சழுத்த முதலுதவியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அந்த நபர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. பெரிய மருத்துவமனைகள் தொலைவில் இருக்கும் புறநகரில் ஆம்புலன்ஸ் வந்துசேர ஆகும் நேரத்தை நினைத்துப் பார்த்தால், இது ஆடம்பரக் கோரிக்கை அல்ல என்பது விளங்கும்.

அடுத்தது சந்தா. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்க மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவுகளை ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறை மட்டுமே வந்திருந்தார்கள். அவர்கள் கட்டிய தொகையை வருகைக்கு வகுத்துப் பார்த்தால், பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட ஒவ்வொரு வருகைக்கும் மிக அதிகமாகச் செலவழித்திருந்தார்கள். எதிர்காலத்தில் நாம் எவ்வளவு ஒழுங்காக இருப்போம் என்பதைப் பற்றி எல்லோருக்குமே மிகையான நம்பிக்கை உண்டு; அந்த நம்பிக்கையின் மீதுதான் ஆண்டுச் சந்தாத் தள்ளுபடிகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே முதலில் ஒரு நாளோ ஒரு வாரமோ பார்த்துவிட்டு, பிறகு ஒரு மாதம் கட்டி, வருகை நிலைத்த பின் ஆண்டுச் சந்தாவைப் பற்றி யோசிப்பதே விவேகம். ‘இன்றே கட்டினால்தான் இந்தச் சலுகை’ என்று நெருக்குகிற இடத்தில் நிதானமாக எழுந்து வந்துவிடலாம். அடுத்த மாதமும் அதே போன்ற சலுகை இருக்கும்.

ஒப்பந்தத்தில் வாசிக்க வேண்டியவை வேறு: உடல்நலக் குறைவால் வர முடியாத மாதங்களுக்குச் சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா, வீடு மாறினால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க ஒப்புதல் கொடுத்தால் அதை ரத்துசெய்யும் வழி என்ன, கூடமே மூடப்பட்டால் முன்பணத்துக்கு யார் பொறுப்பு. இந்தக் கடைசிக் கேள்வி புறநகரில் மிக முக்கியம். வாடகைக் கட்டடத்தில் தொடங்கி, ஆண்டுச் சந்தாக்களை வாங்கிக் குவித்து, சில மாதங்களில் பலகையைக் கழற்றிவிட்டுப் போகிற கூடங்களால் உறுப்பினர்கள் பணத்தை இழந்து நிற்பதுண்டு. சேர்வதற்கு ஐந்து நிமிடம் போதும், விலகுவதற்கு மட்டும் பதிவுத் தபாலும் மேலாளரின் நேர்முகச் சந்திப்பும் வேண்டும் என்ற நிலையைச் சட்டம் அனுமதிக்கக் கூடாது. சேர்ந்த வழியிலேயே விலகவும் முடிய வேண்டும்.

பயிற்சியாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உடல் கட்டுமஸ்தாக இருப்பது பயிற்சி கொடுக்கும் தகுதி ஆகிவிடாது. 1954-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி போன்ற அமைப்புகள் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குகின்றன. எந்தச் சான்றிதழ், எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. அதைவிட எளிய உரைகல் முதல் நாளே கிடைத்துவிடும். நல்ல பயிற்சியாளர் பார்பெல் என்னும் எடைக்கம்பியைக் கையில் கொடுக்கும் முன் உட்காரவைத்துக் கேட்பார்: இதயக் கோளாறு உண்டா, நெஞ்சுவலி வந்ததுண்டா, தலைசுற்றி விழுந்ததுண்டா, மூட்டில் தொல்லை உண்டா, ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா. கனடாவில் உருவாகி உலகமெங்கும் பரவிய பார்-கியூ என்னும் வினாத்தாள் இத்தகைய ஏழு கேள்விகளைத்தான் கேட்கிறது. இவற்றில் ஒன்றையும் கேட்காமல், புரோட்டீன் பவுடர் டப்பாவை முதல் வாரத்திலேயே விற்க முயல்கிறவரிடம் உடம்பை ஒப்படைக்கக் கூடாது.

குறைந்தபட்ச உடலுழைப்பை எட்டாதவர்களின் விகிதம் ஆண்களைவிடப் பெண்களிடம் ஐந்து சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருப்பதை மேலே சொன்னேன். கூடங்களின் நேர அட்டவணையைப் பார்த்தால் காரணங்களில் ஒன்று புரியும். ‘பெண்களுக்கான நேரம்’ என்று காலை பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரை ஒதுக்குகிறார்கள். வேலைக்குப் போகிற பெண் அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருக்கிறார். ஆண்கள் வராத, யாருக்கும் தேவைப்படாத நேரத்தை எடுத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் வருவதில்லை என்று குறை சொல்வது நியாயம் இல்லை. காலையிலும் மாலையிலும் கேட்பாருள்ள நேரத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு வேண்டும். பெண் பயிற்சியாளரும், தாழ்ப்பாள் சரியாக விழுகிற உடைமாற்றும் அறையும், இரவில் திரும்பும் வழியில் எரிகிற தெருவிளக்கும் சேர்ந்துதான் அந்த நேரம் பயன்படும்.

முதியவர்களின் நிலை இன்னும் மோசம். கடைகளுக்கு மேல், லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் உடற்பயிற்சிக் கூடத்தை வைத்தால், முழங்கால் வலியைக் குறைத்துக்கொள்ளப் பயிற்சி தேடுகிறவரை அந்த மாடிப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. சக்கர நாற்காலியில் வருகிறவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வயதானவர்களுக்கு நடை போதும், எடைப் பயிற்சி எதற்கு என்ற எண்ணம் இன்னமும் பரவலாக இருக்கிறது. 1990-இல் மரியா ஃபியாட்டரோனும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்ட முடிவை அப்படி எண்ணுகிறவர்கள் அறிய வேண்டும். முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதையொட்டிய, நலிந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்தசைகளுக்கான எடைப் பயிற்சி தரப்பட்டது. அதை முடித்தவர்களின் தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. தொண்ணூறு வயதில் இது முடியுமென்றால், அறுபதில் இருக்கிறவருக்குத் தரைத்தளத்தில் ஓர் இடம் கேட்பது பெரிய கோரிக்கை ஆகாது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, கீழே விழுந்து எலும்பு முறிவதைத் தடுக்கத்தான். அதற்குக் கருவியே தேவையில்லை. சொல்லிக்கொடுக்க ஒருவரும், வழுக்காத தரையும், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பியும் போதும்.

இதுவரை பணம் கட்டிப் போகும் கூடங்களைப் பற்றியே பேசினேன். அவை மட்டுமே வழி என்று நான் சொல்லவரவில்லை. லண்டனின் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று 13 பேர் ஒன்றுகூடி 5 கிலோமீட்டர் ஓடினார்கள். பால் சின்டன்-ஹெவிட் தொடங்கிய அந்தச் சனிக்கிழமை ஓட்டம்தான் இன்று பார்க்ரன் என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, நடத்துபவர்கள் தன்னார்வலர்கள், ஓட முடியாதவர்கள் நடக்கலாம். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1974-இல் தொடங்கிய சிக்லோவியா என்னும் ஏற்பாட்டின்படி, ஞாயிறு காலைகளில் 100 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகள் வாகனங்களுக்கு மூடப்பட்டு, சைக்கிள் ஓட்டுவோருக்கும் நடப்போருக்கும் விடப்படுகின்றன. இந்த இரண்டுக்கும் புதிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே இருந்த பூங்காவையும் சாலையையும் குறித்த நேரத்தில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

புறநகரில் அப்படித் திறந்துவிடக் காத்திருக்கும் சொத்து பள்ளித் திடல். மாலை மணி அடித்தவுடன் பூட்டப்படும் அந்தத் திடல் மறுநாள் காலைவரை யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. அதன் மதிலை ஒட்டிய சாலையில், வாகனங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி மக்கள் நடைப்பயிற்சி செய்கிறார்கள். பள்ளிகளின் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. யாராவது விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு, கழிப்பறையை யார் சுத்தம் செய்வது, காவலுக்கு யார் இருப்பது என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்விகள். காப்பீட்டையும் காவலாளியையும் விளக்கு மின்கட்டணத்தையும் உள்ளாட்சி அமைப்பு ஏற்றுக்கொண்டு, பள்ளியோடு எழுத்துமூலம் உடன்பாடு செய்துகொண்டால் அந்தக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

பூங்காக்களில் வைக்கப்படும் உடற்பயிற்சிக் கருவிகளை நான் வரவேற்கிறேன், ஒரு குறையோடு. அவற்றில் பல, நம் உடல் எடையையே சுமையாகக் கொண்டு இயங்குபவை. தசை வலுக்கூட வலுக்கூடச் சுமையையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பதுதான் எடைப் பயிற்சியின் அடிப்படை. அதற்கு அவை இடம் தருவதில்லை. எனவே, பயிற்சியின் கடினத்தைப் படிப்படியாகக் கூட்ட உதவும்படி உயரம் வேறுபட்ட சில இழுகம்பிகளையும் இணைக்கம்பிகளையும் பலகைகளையும் வைப்பது, அசையும் பாகங்கள் நிறைந்த பல கருவிகளைவிடப் பயனுள்ளது. துருப்பிடிக்கவும் பழுதாகவும் அவற்றில் பாகங்கள் குறைவு. வைத்தால் மட்டும் போதாது. பேரிங் தேய்ந்து கிரீச்சிடும் கருவியில் கையை வைக்கக் குழந்தைகளைத் தவிர யாரும் துணிவதில்லை, அடிபடுவதும் அவர்கள்தான். ஒவ்வொரு கருவியின் மீதும் கடைசியாகச் சோதித்த தேதியையும், பழுதைத் தெரிவிக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் எழுதிவைக்கலாம்.

எங்கும் போக முடியாதவர்களுக்கு வீடு இருக்கிறது. ஒரு ஜோடி டம்பெல், இழுத்து நீட்டும் ரப்பர் பட்டைகள், ஒரு பாய், இவற்றைக் கொண்டு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியை நிறைவாகச் செய்யலாம். நடையைப் பொறுத்தவரை, நாளுக்கு 10,000 காலடி என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியது. ஆய்வாளர் ஐ-மின் லீயின் குழுவினர் 2019-இல் வயதான பெண்களிடம் நடத்திய ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 4,400 காலடி நடந்தவர்களிடமே, 2,700 காலடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை.

இவையெல்லாம் தனிமனிதர் தெரிந்துகொள்ள வேண்டியவை. உள்ளாட்சி அமைப்புகளிடம் நான் கேட்பது, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பொதுப் பட்டியல். தனியார் கூடம், பூங்கா, நீச்சல்குளம், பள்ளித் திடல், சமுதாயக் கூட வகுப்பு என உடற்பயிற்சி செய்ய முடிகிற எல்லா இடங்களும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் நேராக, திறந்திருக்கும் நேரம், எல்லாம் உட்படக் கட்டணம், ஒரு நாள் மட்டும் வந்துபோக வழி உண்டா, பயிற்சியாளர்களின் சான்றிதழ், பெண்களுக்கான நேரம், படி ஏறாமல் உள்ளே வர வசதி உண்டா, ஏஇடி உண்டா, எந்தப் பேருந்தில் வரலாம் என்ற விவரங்கள் வேண்டும். தொழில் உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் இந்த விவரங்களைக் கேட்டு வாங்குவது கூடுதல் செலவு பிடிக்காத வேலை. கட்டணப் பலகையை வாசலில் வைக்க மறுக்கும் கூடத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கத் தேவையில்லை என்பேன். உறுப்பினர்களின் முன்பணத்தில் ஒரு பகுதியை, கூடம் மூடப்பட்டால் திருப்பித் தருவதற்கென்று, வைப்புத்தொகையாகப் பெற்றுவைக்கவும் விதி செய்ய வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வட்டாரச் செய்திகளுக்கான பக்கங்களில், வாரம் ஒரு புறநகரை எடுத்துக்கொண்டு, அங்கே உடற்பயிற்சிக்கு உள்ள இடங்களைத் தங்கள் செய்தியாளர்கள் மாலை ஏழு மணிக்கு நேரில் போய்ப் பார்த்து, மேலே சொன்ன விவரங்களோடு வெளியிட வேண்டும். பூட்டிக் கிடக்கும் திடல்களின் பெயரையும், அவற்றைத் திறக்கும் அதிகாரம் எந்த அலுவலகத்திடம் உள்ளது என்பதையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
புறநகர் வாசகர் ஒருவர்